பேட்டரிக்கார அக்கா

அப்போது எங்கள் ஊரான குளுவாங்கில் கார் பேட்டரியை இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து மாற்றிக் கொடுப்பவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். போன் செய்தால் என்ன கார், எந்த மாடல், எங்கே நிற்கிறது என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்த அக்காவுக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே வேறு. "எங்க போய்க்கிட்டிருந்தீங்க?" என்பார். அதற்குப் பதில் வந்த பிறகுதான் காரைப் பற்றிய பேச்சு.

பலருக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் வேலை பார்த்த கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் அவரைக் 'கேப்போ' என்றுதான் சொல்வாள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் எல்லா இனத்தாரும் வைத்திருக்கும் பெயர் அது. பேட்டரி விற்க வந்தவருக்கு நாம் எங்கே போனால் என்ன என்று அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் டாக்டரின் கார் நின்றுபோன அன்று. டாக்டரிடம் பெரிய ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே கதவு தானாகத் திறக்கும். அன்று மதியம் அவர் போய் நின்றார், கதவு திறக்கவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். வெயிலில் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய வெள்ளை வேன் வந்தது. அதிலிருந்து குள்ளமாக, கட்டையாக ஓர் அம்மா இறங்கினார். ஆண்கள் போடும் டீசட்டை, கழுத்தில் துண்டு, மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி, முழங்கை வரை பழைய அமிலத் தழும்புகள். டாக்டர் எங்கே போகவேண்டும் என்பதை அக்கா போனிலேயே கேட்டு வைத்திருந்தார். வந்ததும் காரின் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்க் கடையில் நாசி லெமாக் சோறு விற்கிற பையனைக் கூப்பிட்டு, டாக்டரை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பிள்ளைக்கு ஒரு ஹெல்மெட்டை வேனிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் தயங்கினார். காரைத் தனியாக விட்டுவிட்டுப் போவதா என்று கேட்டார்.

"காடி எங்கயும் போகாது டாக்டர். அதானே அதுக்கு வியாதியே" என்றார் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டு ரிமோட் சாவியை அக்காவிடம் கொடுத்தார். நாசி லெமாக் பையனின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் போன காட்சியைப் பார்க்க நோயாளிகளெல்லாம் வெளியே வந்தார்கள். அவர் மகள் அதற்குப் பிறகு பல நாள் மோட்டார் சைக்கிளில்தான் வருவேன் என்று அழுதாளாம்.

எனக்குச் சாப்பாட்டு நேரம். நிழலில் நின்று அக்கா வேலை செய்வதை வேடிக்கை பார்த்தேன். ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். அதைக் கொண்டு கதவைத் திறந்து, முன்பக்கத்து மூடியைத் தூக்கி, அங்கிருந்த இரண்டு முனைகளில் ஒரு சின்னப் பேட்டரியை மாட்டினார். அப்புறம்தான் பின்னால் சாமான் வைக்கும் பூட் திறந்தது. இந்த மாதிரிக் கார்களில் பேட்டரி பின்னால் தரைக்கு அடியில் இருக்குமாம். பூட் திறக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் இருப்பதோ பூட் உள்ளே. இதைச் சொல்லி அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

பழைய பேட்டரியைக் கழற்றும்போதும் அந்தச் சின்னப் பேட்டரியை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஒரு நொடி கரண்ட் போனாலும் கார் எல்லாவற்றையும் மறந்துவிடும், அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும் என்றார். புதியதை மாட்டிய பிறகு கையடக்கமான ஒரு கருவியைச் சொருகி எதையோ தட்டினார். புதுப் பேட்டரி வந்திருப்பதைக் காருக்குத் தெரிவிக்கவேண்டுமாம். சொல்லாவிட்டால் பழசு என்றே நினைத்துக்கொண்டு, பழசுக்குப் போடுவதுபோல் சார்ஜ் போட்டுப் புதியதையும் கெடுத்துவிடுமாம்.

"பெரிய வீட்டுல மருமக வந்த மாதிரி தங்கச்சி. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லணும்" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. பிளாஸ்கிலிருந்து பால் கலக்காத தே ஓ ஊற்றிக் குடித்துக்கொண்டு, டாக்டர் பிள்ளையோடு திரும்பி வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தார். போனவர் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாமல் எப்படிப் போவது என்று கேட்டார்.

அதன் பிறகு ரத்த அழுத்த மாத்திரைக்காக எங்கள் கிளினிக்குக்கே வர ஆரம்பித்தார். தன் முறை வரும்வரை என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு பேசுவார். கடையில் அவர் கணவர் உட்கார்ந்து பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடுவார், போனும் வெளிவேலையும் முழுக்க இவர்தான். கணவருக்கு மனிதர்களிடம் பேச வராது, பேட்டரிகளிடம் மட்டும்தான் பேசுவார் என்று சொல்லிச் சிரிப்பார். எந்த எஸ்டேட் தோட்டத்தில் பிறந்தார், எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும். எல்லாரையும் விசாரிப்பவர் தன்னைப் பற்றி விசாரிக்க இடம் தரமாட்டார். ஏன் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள், உங்களுக்கு ஏதாவது நடந்ததா என்று ஒரு தடவை கேட்டேன். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கதை இருந்தே ஆகவேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "காடி நின்னா மனுஷனும் நிக்கணும்னு சட்டமா?" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியால் நேர் எதிராக நடந்ததும் உண்டு. ஒருநாள் காலையில் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். விலை உயர்ந்த கார். எங்கே போகிறீர்கள் என்றதற்கு, மூவாரில் இருக்கும் தம்பியின் கையை உடைக்கப் போகிறேன் என்றாராம். அப்பா விட்டுப்போன வீட்டைப் பற்றிய தகராறு. அக்கா போய்ப் பார்த்தபோது முன் இருக்கையில் உண்மையாகவே ஓர் இரும்புக்குழாய் கிடந்தது.

அந்தக் காருக்கு அரை மணி நேர வேலை. அக்கா மதியம் வரை இழுத்தார். கொண்டுவந்த பேட்டரி அளவு சரியில்லை என்று திரும்பிப் போனார். வேறொன்றோடு வந்து, ஸ்பேனரை மறந்துவிட்டேன் என்று மறுபடி போனார். மூன்றாவது முறை வரும்போது ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். மனிதர் பசியில் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே தம்பியைத் திட்டினார். திட்டிக்கொண்டிருந்தவர் தம்பி சின்ன வயதில் ஆற்றில் விழுந்ததையும் தான் குதித்துத் தூக்கியதையும் சொல்ல ஆரம்பித்தார். கார் ஓடத் தொடங்கியபோது மனைவியைக் கூட்டிக்கொண்டு சாமான் வாங்கப் பசாருக்குப் போய்விட்டார். இரும்புக்குழாய் அக்காவின் வேனுக்கு வந்துவிட்டது. பழைய பேட்டரிகள் நகராமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்.

வாடிக்கையாளரை ஏமாற்றலாமா என்று கேட்டேன். "போற எடம் சரியில்லன்னா காடி எதுக்கு ஓடணும்?" என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் பயம் கூட வந்தது. எந்த இடம் சரி, எது சரியில்லை என்று இவர் யார் முடிவு செய்ய? ஆனால் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

எங்கள் முறை வந்தது ஒரு பொது விடுமுறை நாளில்.

எனக்கும் என் கணவருக்கும் பிள்ளை இல்லை. பல வருடம் மருத்துவம் பார்த்து, அலுத்து, தத்தெடுக்க எழுதிப் போட்டிருந்தோம். அதிலும் வருடங்கள் போயின. ஒருநாள் மூவாரிலிருந்து ஒரு பெண்கள் காப்பகத்தை நடத்தும் அம்மா கூப்பிட்டார். பெண் குழந்தை, பிறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெற்றவளுக்கு இருபது வயது இருக்காது, பண்டார் தெங்காரா பக்கத்துப் பெண். கைவிட்டுப் போனவனைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. வீட்டில் சிங்கப்பூரில் வேலை என்று சொல்லிவிட்டு வந்து காப்பகத்தில் தங்கிப் பெற்றிருக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருப்பதால் அந்தப் பொது விடுமுறையன்று மதியப் பேருந்தில் போயாக வேண்டும். போவதற்கு முன் குழந்தையை வளர்க்கப்போகிறவர்களின் கையில் தானே கொடுக்கவேண்டும், அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

முதல்நாள் சாயங்காலம் என் கணவர் எங்கள் காரில் குழந்தை இருக்கையைப் பொருத்தினார். அதுவும் டாக்டருடையது போன்ற ஜெர்மன் கார்தான், வேறொருவர் ஓட்டிய பழையது. சிங்கப்பூரில் வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியது. எனக்கு ஓட்டக் கொடுக்கவே யோசிப்பார். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, கழற்றி, மறுபடி மாட்டி, பின்னால் பூட் மூடியை நன்றாகச் சாத்தாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. உள்ளே விளக்கு விடிய விடிய எரிந்திருக்கிறது. காலையில் நாங்கள் குளித்து, சாமி கும்பிட்டு, புது உடுப்போடு வந்து நின்றால் கார் கல்லாகக் கிடந்தது.

என் கணவர் போனில் வாடகைக் காரைத் தேடினார். விடுமுறை நாளில் மூவார்வரை வர ஒருவரும் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் அக்காவைக் கூப்பிட்டேன். எங்கே போகிறோம் என்று அவர் கேட்டார். பிள்ளையைக் கொண்டுவரப் போகிறோம் அக்கா என்று மட்டும்தான் சொன்னேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வந்தவரிடம் காப்பகம் எங்கே இருக்கிறது, பெற்றவள் மதியப் பேருந்தில் ஊருக்குப் போவதற்குள் போகவேண்டும் என்பதைச் சொன்னேன். அவர் காரைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார். அந்த அளவு தன் கடையில் இல்லை, ஆயர் ஹித்தாமில் ஒரு நண்பரிடம் இருக்கிறது, அவர் கொண்டுவந்து தர நேரமாகும் என்றார். இப்போதைக்கு ஸ்டார்ட் செய்து மட்டும் கொடுங்கள் என்று என் கணவர் கெஞ்சினார். செய்யலாம், ஆனால் இந்தப் பேட்டரி செத்துவிட்டது, யோங் பெங் தாண்டி நடுவழியில் நின்றால் யார் வருவார்கள் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே தன் வேன் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இதுல போங்க. வரும்போது பிள்ளைய இந்த வேன்ல ஏத்தாதீங்க, உள்ள ஒரே பேட்டரி வாடை. காடிய நான் சரி பண்ணிக் கொண்டாந்து தரேன்."

என் கணவர் அவரை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார். தன் காரை ஒரு நிமிடம் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் சாவியை அவரிடம் கொடுத்தார். திருமணமான நாளிலிருந்து அவர் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இப்படியாக நாங்கள் பட்டுச்சேலையும் வெள்ளைச் சட்டையுமாக, பின்னால் பேட்டரிகள் முட்டி மோதிக்கொள்ள, கதவில் தொலைபேசி எண் எழுதிய வேனில் மூவாருக்குப் போனோம். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தப் பெண் முன்னறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருப்பதாகக் காப்பகத்து அம்மா சொன்னார். கண் பெரிதாக, முகம் வீங்கி, தலையைப் படிய வாரி இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் குழந்தையைத் தரவில்லை. என் முகத்தை, சேலையை, வியர்த்து ஒட்டிய முடியை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, "ராத்திரியில இடது பக்கம் போட்டாத்தான் தூங்குது" என்றாள். அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். குழந்தையைக் கொடுத்ததும் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அழுதுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே எங்கள் கார் வந்து நின்றது. அக்கா இறங்கி, கைகழுவிவிட்டு உள்ளே வந்து, குழந்தையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். நல்லா இருக்கு என்றார். கார் நேரத்தைக்கூட மறக்கவில்லை, எல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது என்று என் கணவரிடம் சொன்னார். சாவிகளை மாற்றிக்கொண்டோம். சாப்பிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னோம். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். நாங்கள் குழந்தையை அந்த இருக்கையில் படுக்கவைத்து, வார் போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

ஒரு வாரம் கழித்துக் காப்பகத்து அம்மா போன் செய்தார். குழந்தையை விசாரித்துவிட்டு, அந்தப் பெண் கூப்பிட்டாள், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள் என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் ஏற்பாடு செய்த வேனுக்குத்தான் என்றார். மதியப் பேருந்து அன்று வரவே இல்லையாம். காப்பகத்துக்கு எதிரே நிறுத்தத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் கார் வந்ததையும், பின்னால் இருந்த குழந்தை இருக்கையையும் அங்கிருந்து பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து அவள் முன்னால் நின்றது. பிள்ளையை எடுத்துக்கொண்டவர்கள் உன்னை வீட்டில் விட்டுவரச் சொன்னார்கள் என்று ஓர் அம்மா சொன்னார். வழியில் இறக்கிச் சூப்பு வாங்கிக் கொடுத்து, பண்டார் தெங்காராவில் வீட்டு முனைவரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். இடையில் மூன்று பேர் பேட்டரிக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம்.

பிள்ளை பெற்ற உடம்போடு அவள் இரண்டு பேருந்து மாறி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று எங்கள் கண்ணுக்குக் குழந்தையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். ஏன் எங்கள் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒரு பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே பேசினார்.

"நான்னு சொன்னா யாரோ ஒரு பொம்பள ஏத்திக்கிட்டான்னு போயிரும் தங்கச்சி. நீங்க அனுப்புனதா சொன்னா, பிள்ள நல்ல எடத்துல இருக்குன்னு அந்தப் பொண்ணு நிம்மதியா தூங்கும்லா."

துடைத்த பேட்டரியைத் தள்ளிவைத்துவிட்டு, "நீங்க அப்படிப்பட்டவங்கன்னு சொல்லிட்டேன். இனிமே அப்படியே இருந்துக்குங்க" என்றார்.

அப்படி இருக்கத்தான் நாங்கள் பார்த்தோம். அன்றிரவே காப்பகத்து அம்மாவிடம் சொல்லிவைத்தோம், அந்தப் பெண்ணுக்குக் குழந்தையைப் பார்க்கத் தோன்றினால் எங்கள் வீட்டுக்கு எப்போதும் வரலாம் என்று. வருடங்களாகப் பதில் இல்லை. எங்கள் மகள் நடந்தாள், பேசினாள், பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். தன்னை வயிற்றில் சுமந்தது வேறோர் அம்மா என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லியே வளர்த்தோம். அக்காவும் கணவரும் கடையைக் கொடுத்துவிட்டுப் பட்டர்வொர்த்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். தாதிப் படிப்பு முடித்து ஜோகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் மணியை அடித்திருக்கிறாள். வர எப்படித் தைரியம் வந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அன்று வேன் அனுப்பியவர்கள் கதவைச் சாத்தமாட்டார்கள் என்று நினைத்தேன் என்றாள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். வேனை நாங்கள் அனுப்பவில்லை என்று தெரிந்ததும் அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தம்மா வழியெல்லாம் உங்களைப் புகழ்ந்துகொண்டே வந்தார் என்றாள். என் மகள் தன் ஓவியங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவளிடம் காட்டினாள்.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும், சாப்பிட்டுப் போனாளா என்று கேட்டார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம் என்றேன்.

"திரும்பி எதுல போச்சு?"

என் கணவர்தான் ஜோகூர் பாரு வரை காரில் கொண்டுபோய் விட்டார், மகளும் கூடப் போனாள் என்றேன்.

"ஆ, சரி" என்று போனை வைத்துவிட்டார்.